எட்டு விளக்குகளும் எரிந்தன

வீட்டுக்கு ஒயரிங் செய்வது எங்கள் குடும்பத் தொழில். அரசாங்கச் சான்றிதழில் 'மின்கம்பியாள்' என்று அழகிய தமிழில் எழுதியிருந்தாலும், ஊரில் என் தந்தையாரை 'வயர்மேன்' என்றால்தான் தெரியும். முப்பது ஆண்டுகளாக அவர் சுவரைக் கொத்தி, குழாய் பதித்து, கம்பி இழுத்துக் கொடுத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே பத்துக்கு மேல் இருக்கும். விடுமுறை நாட்களில் அவருக்கு ஏணி பிடித்தவன் நான். ஆகவே, வீட்டிலுள்ள கணிப்பொறிகளைக் கம்பியால் இணைக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, 'இதற்குப் போய் வெளி ஆள் எதற்கு?' என்று நான் மார்தட்டியதில் வியப்பில்லை. அந்த மார்தட்டல் என்ன பாடுபட்டது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

பேச்சு வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறாள். மருத்துவமனைக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்களைப் பதிவு செய்யும் வேலை. அலுவலகம் திருச்சியில். எங்கள் ஊரிலிருந்து போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். குழந்தை பிறந்த பின் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை. இணைப்பு வைஃபையாக இருக்கக் கூடாது. கம்பி வழியாகத்தான் வர வேண்டும். திங்கட்கிழமை காலை அவர்கள் அங்கிருந்தபடியே சோதித்துப் பார்ப்பார்கள். தேறாவிட்டால் செவ்வாய்க்கிழமை முதல் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். குழந்தைக்கு அப்போது ஏழு மாதம்.

நிபந்தனையைக் குறை சொல்வதற்கில்லை. எங்கள் வீடு தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர் வீடு. சுவர் ஒன்றரை அடி கனம். ஒளியிழைக் கம்பியைக் கொண்டுவந்தவர்கள் 'இதுவரைதான் ஒயர் எட்டும்' என்று சொல்லி, பெட்டியைத் திண்ணையை ஒட்டிய முன்னறையிலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அக்காவின் அறையோ பின்கட்டுக்கு மேலே பிற்காலத்தில் எழுப்பிய மாடியில். இடையே மூன்று சுவர், ஒரு கான்கிரீட் தளம். வைஃபை என்பது வானொலி அலைதானே! ஒவ்வொரு சுவரும் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக மாடிக்குப் போய்ச் சேர்வது மிச்சம் மீதிதான். அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா வாய் திறந்தபடி திரையில் உறைந்து நிற்பாளாம்; மறுமுனையில் இருப்பவர்கள் சிரிப்பார்களாம். அவள் சிரிக்கவில்லை.

மாடியில் இரண்டு கணிப்பொறிகள். ஒன்று அலுவலகம் அனுப்பியது. மற்றொன்று, அக்கா பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி. இப்போது நான் பாடம் எழுதப் பயன்படுகிறது. கீழே இருந்து ஒரு கம்பி போனால் போதும். மேலே ஒரு ஸ்விட்ச் வைத்து இரண்டுக்கும் பிரித்துக்கொள்ளலாம் என்று திட்டம். ஸ்விட்ச் என்றதும் அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல போடவும் அணைக்கவும் ஒண்ணுமே இல்லையே, இதுக்கு எதுக்குடா ஸ்விட்ச்னு பேரு?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல விடை அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

சனிக்கிழமை காலை கம்பி வாங்கப் போனேன். கடைக்காரர் 'கேட் 5இ', 'கேட் 6', 'கேட் 6ஏ', 'கேட் 8' என்று அடுக்கினார். இந்த எண்கள், கம்பி எவ்வளவு அதிர்வெண் வரை நம்பகமாகச் செய்தியைக் கொண்டு செல்லும் என்பதைக் குறிப்பவை. கேட் 5இ என்பது 100 மெகாஹெர்ட்ஸ் வரை. கேட் 6 என்பது 250 வரை. கேட் 6ஏ என்பது 500 வரை. நொடிக்கு 1000 மெகாபிட் வேகத்தை 100 மீட்டர் தொலைவுக்குக் கொண்டு செல்ல முதல் வகையே போதும். கேட் 8 என்பது பெரிய கணிப்பொறி நிலையங்களில் 30 மீட்டருக்குள் ஓட்டுவதற்கு ஏற்பட்டது. அதை வீட்டுக்கு வாங்குவது அம்மிக்கல்லைத் தூக்கக் கிரேன் பிடிப்பது போல. சுவரில் ஒருமுறை பதித்தால் மறுபடி எடுக்க முடியாதே என்பதற்காகக் கேட் 6 வாங்கலாம் என்பது என் முடிவு. இதுவரை சரி. 40 மீட்டர் கேட்டேன். இரண்டு விலையில் இருந்தது. இரண்டிலும் 'கேட் 6' என்றே அச்சிட்டிருந்தது. நான் எதை வாங்கியிருப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா?

வீட்டுக்கு வந்ததும் அப்பா சுருளைக் கையில் தூக்கிப் பார்த்தார். "எடை இல்லையே" என்றார். பேனாக்கத்தியை எடுத்து ஒரு முனையை உரித்து, ஒரு கம்பியை மெல்லச் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புத் தோல் போர்த்திய கம்பி! அதை இரண்டு விரலால் மூன்று முறை மடக்கி நிமிர்த்தினார். பட்டென்று முறிந்தது.

நான் இயற்பியல் மாணவன் அல்லவா? தோற்றுப்போக மனமில்லை. "அப்பா, அதிர்வெண் கூடினால் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடும். 100 மெகாஹெர்ட்ஸில் செம்பின் மேல்தோலில் 0.007 மில்லிமீட்டர் ஆழம் போதும். உள்ளே என்ன இருந்தால் என்ன?" என்று வாதிட்டேன். கணக்கு சரியான கணக்குத்தான். ஆனால் செய்தி முழுவதும் அந்த உயர்ந்த அதிர்வெண்ணிலேயே போவதில்லை என்பதையும், இதே கம்பி வழியாகக் காமிராவுக்கு மின்சாரம் அனுப்பினால் அது கம்பியின் முழுக் கனத்திலும் ஓடும் என்பதையும், அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் என்பதையும் நான் வசதியாக மறந்துவிட்டேன். அப்பா இதில் எதையும் சொல்லவில்லை. அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் பல பழைய வீடுகளில் அலுமினியக் கம்பிதான் இருந்ததாம். திருகாணியில் இறுக்கிய இடத்தில் நாளாவட்டத்தில் தளர்ந்து, சூடேறி, பலகை கருகியிருப்பதை எத்தனையோ முறை பிடுங்கி எறிந்திருக்கிறாராம். "அலுமினியத்தோட நான் போராடினது போதும். போய்க் காப்பரா மாத்திட்டு வா" என்றார். மாற்றிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் முகம் கோணினார், கொடுத்தார்.

அடுத்த சண்டை குழாய்க்காக. மாடி அறைக்கு மின்சாரக் கம்பி போகும் குழாயில் இடம் இருந்தது. அதிலேயே விட்டுவிட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும் என்றேன். அப்பாவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "230 வோல்ட் போற குழாயில இதை விடுறவன் வயர்மேனே இல்ல. ஒருநாள் உள்ள உரசிக்கிட்டா, புள்ளையை மடியில வச்சிருக்கிற உங்க அக்கா கையிலதான்டா கரண்டு வந்து நிக்கும்" என்றார். வெளிச்சுவர் வழியாகப் போனால் எட்டு மீட்டர் மிச்சம். அதற்கும் மறுப்பு. வெயிலில் சாதாரண உறை இரண்டு மூன்று கோடையில் வெடித்துவிடும். ஐப்பசி மழையில் இடி எங்கே இறங்கும் என்று யார் கண்டார்கள்? ஆக, படிக்கட்டுச் சுவரோரமாகத் தனிக் கேசிங் பட்டி அடித்தோம். மின்குழாயோடு இணையாகப் போகும் இடத்தில் ஒரு சாண் இடைவெளி. குறுக்கே கடக்கும் இடத்தில் நேர் செங்கோணம். வளைவுகளில் கம்பியை மடக்காமல் உருண்டையாக வளைத்தோம். மொத்தம் ஏறக்குறைய 30 மீட்டர். மாலை ஆறு மணிக்கு அப்பா ஒரு வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்று அழைப்பு வந்து கிளம்பினார். முனைகளில் ஜாக் அடிப்பது மட்டும் பாக்கி. அது என் பொறுப்பு.

இனி வருவது என் தவறு.

இந்தக் கம்பிக்குள் எட்டு மெல்லிய கம்பிகள். இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். ஆரஞ்சும் வெள்ளை ஆரஞ்சும் ஒரு ஜோடி; பச்சையும் வெள்ளைப் பச்சையும் ஒன்று; இப்படியே நீலமும் பழுப்பும். இவற்றை நிமிர்த்தி வரிசையாக ஜாக்கில் செருகிக் கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். செல்போனில் வரிசைப் படம் கிடைத்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. முதலில் ஆரஞ்சு ஜோடி, கடைசியில் பழுப்பு ஜோடி; அதெல்லாம் முறைதான். நடுவில் மட்டும் பச்சை ஜோடியைப் பிரித்து, இடையே நீல ஜோடியை நுழைத்திருந்தது! யாரோ அழகுணர்ச்சி இல்லாதவர் செய்த ஏற்பாடு என்று முடிவு கட்டினேன். கம்பிக்கு நிறம் தெரியுமா என்ன? இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் போதாதா? ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக, பார்க்க லட்சணமாக அடித்தேன். டெஸ்டரில் மாட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு விளக்குகளும் வரிசை தவறாமல் எரிந்தன. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா காபி கொடுத்தாள்.

கணிப்பொறியில் மாட்டினேன். இணைப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. கீழே இருக்கும் பெட்டியை நூறு முறை கூப்பிட்டுப் பார்த்தால் அறுபது முறைதான் பதில் வந்தது. வைஃபையே தேவலை என்றாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் செய்ததை வரிசையாகச் சொன்னால் உங்களுக்குச் சலிப்பு வரும். ஜாக்கை வெட்டிவிட்டுப் புதியது அடித்தேன், அதே வரிசையில். மறுபடி வெட்டினேன், மறுபடி அடித்தேன். மடிக்கணினியைக் கீழே கொண்டுவந்து, பெட்டியோடு வந்த சிறு கம்பியில் மாட்டினால் குற்றமில்லாமல் ஓடியது. ஆகவே பெட்டியில் பழுதில்லை. மிச்சமிருந்த கம்பியில் ஒரு மீட்டர் வெட்டி, என் வரிசைப்படியே ஜாக் அடித்து மாட்டினேன். அதுவும் ஓடியது! இதுதான் என்னை அடியோடு குழப்பிவிட்டது. என் வரிசை சரி என்று அந்த ஒரு மீட்டர் சாட்சி சொல்லிவிட்டதே! அப்படியானால் கம்பி சுவருக்குள் எங்கோ அடிபட்டிருக்க வேண்டும். பட்டியைப் பிரிக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். டெஸ்டரோ ஒவ்வொரு முறையும் எட்டு விளக்குகளையும் சிரித்துக் காட்டிக்கொண்டே இருந்தது.

இரவு எட்டு மணிக்கு மாடிக்குப் போனேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலில் ஒரு பயணப்பை திறந்திருந்தது. அதில் புடைவைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். "செவ்வாய்க்கிழமை அஞ்சரை மணி பஸ்ஸைப் பிடிச்சா ஒன்பதுக்குள்ள போயிடலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். தினமும் வந்துபோக முடியாது, வாரத்தில் நான்கு நாள் விடுதியில் தங்குவது என்று அவளும் அம்மாவும் பேசி முடித்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கிவிட்டேன்.

அப்பா வந்தபோது மணி பத்து. சட்டையைக் கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தார். கீழே கிடந்த துண்டுக் கம்பியை எடுத்து உரித்தார்.

"இதை ஏன்டா இப்படி முறுக்கி வச்சிருக்கான்?"

"கலையாம இருக்கத்தான்ப்பா."

"அதுக்குன்னா நாலையும் ஒரே மாதிரி முறுக்கியிருப்பானே. இது நெருக்கமா இருக்கு, இது தளர்ச்சியா இருக்கு. நாலும் நாலு விதம். சும்மா கட்டி வைக்கிறதுக்கு எவனாவது இவ்வளவு மெனக்கெடுவானா?"

நான் பேசாமல் இருந்தேன். அவர் தொடர்ந்தார். உதவியாளாக இருந்த காலத்தில் ஓர் அரிசி ஆலையில் மோட்டாருக்குக் கம்பி இழுத்தார்களாம். மூன்று ஃபேஸ் கம்பிகளையும் ஒழுங்காக இருக்கட்டும் என்று மூன்று தனித்தனி இரும்புக் குழாய்களில் விட்டுவிட்டார் ஒருவர். டெஸ்டரில் எல்லாம் சரி. மோட்டாரும் ஓடியது. கொஞ்ச நேரத்தில் குழாய் கை வைக்க முடியாதபடி சுட்டதாம். மேஸ்திரி வந்து திட்டிவிட்டு மூன்றையும் ஒரே குழாய்க்குள் போடச் சொன்னார். சூடு போயே போயிற்று. "போற கம்பியும் வர்ற கம்பியும் சேர்ந்தேதான் போகணும். பிரிச்சா வெளியில வேலை காட்டும். இதுல எது போறது, எது வர்றது?"

எது போவது, எது வருவது! அந்தக் கேள்வியை இரண்டு நாளும் நான் கேட்கவே இல்லை.

விடை நான் சிரித்த அந்தப் படத்திலேயே இருந்தது. ஜாக்கின் 1, 2 ஆகிய முனைகள் ஓர் இணை. 4, 5 ஓர் இணை. 7, 8 ஓர் இணை. 3ஆம் முனைக்கு இணை 4 அல்ல, 6! ஒவ்வொரு செய்தியும் இரண்டு கம்பிகளில் சமமாகவும் எதிராகவும் செல்கிறது. மறுமுனையில் இரண்டின் வேறுபாட்டை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். வழியில் வெளியிலிருந்து ஏறும் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவு ஏறினால், கழித்தலில் அது மறைந்துவிடும். ஒரே அளவு ஏற வேண்டும் என்பதற்காகத்தான் முறுக்கு: இரண்டு கம்பிகளும் மாறி மாறி இரைச்சலுக்கு அருகில் வருகின்றன. ஒரு ஜோடி பக்கத்து ஜோடியின் பேச்சை ஒட்டுக் கேட்கக் கூடாது என்பதற்காக நான்குக்கும் நான்கு விதமான முறுக்கு. நான் என்ன செய்திருந்தேன்? 3இல் வெள்ளைப் பச்சை, 6இல் நீலம். கணவனை ஒரு பேருந்திலும் மனைவியை வேறொரு பேருந்திலும் ஏற்றிவிட்டு, சேர்ந்து போகிறார்கள் என்று நம்பியிருந்தேன். ஒரு மீட்டர் தொலைவுக்கு அது தாங்கியது. முப்பது மீட்டருக்குத் தாங்கவில்லை. டெஸ்டர் மீதும் குற்றமில்லை. அது ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே 'போய்ச் சேர்ந்தாயா?' என்று மட்டுமே கேட்கும். யாரோடு வந்தாய் என்று கேட்கத் தெரியாது.

முறுக்கும் புதியதல்ல. தொலைபேசியின் தந்தை அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார். அந்த விசித்திர வரிசைக்கும் தொலைபேசிதான் காரணம். தொலைபேசிச் செருகியில் நடு இரண்டு முனைகள்தான் முதல் இணைப்பு. ஆகவே நடுவில் நீல ஜோடியை அதற்கென விட்டு, பச்சை அதன் இரு பக்கமும் அணைத்தாற்போல் நின்றது. கணிப்பொறிகளை இணைக்கும் ஈதர்நெட்டை ராபர்ட் மெட்காஃப் 1973இல் திட்டமிட்டபோது முறுக்குக் கம்பியே கிடையாது. ஒரே தடித்த கம்பிதான். முறுக்குக் கம்பியில் நொடிக்கு 10 மெகாபிட் என்ற தரம் 1990இல் வந்தது. 100 என்பது 1995இல். நான்கு ஜோடிகளையும் ஒருங்கே பயன்படுத்தி 1000 என்பது 1999இல். ஈதர் என்ற பெயரைக் கண்டதும் இயற்பியல் துறை நண்பர்கள் புன்னகைப்பார்கள். மைக்கல்சனும் மோர்லியும் 1887இல் தேடிக் காணாமல் போன ஈதரை, ஒரு கம்பிக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்!

இரண்டு முனைகளையும் வெட்டினோம். அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போனைப் பார்த்து வாசித்தார், நான் அடுக்கினேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதே என்று படத்தின் கீழே எழுதியிருந்ததையும் அவரே கண்டுபிடித்தார். நான் அதையும் படித்திருக்கவில்லை. டெஸ்டரில் மாட்டினோம். எட்டு விளக்குகளும் எரிந்தன, நேற்றைப் போலவே. ஒரு வித்தியாசமும் இல்லை. கணிப்பொறியில் மாட்டினோம். விளக்கு எரிந்தது. அணையவில்லை. நூறு முறை கூப்பிட்டோம்; நூறு முறையும் பதில். வேகம் 1000 என்று காட்டியது. மணி பதினொன்றே முக்கால். அப்பா அப்போதுதான் சட்டையைக் கழற்றினார்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்திலிருந்து சோதித்தவர் பத்து நிமிடத்தில் 'சரி' என்று சொல்லிவிட்டார். அக்கா பயணப்பையிலிருந்து புடைவைகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். குழந்தை அந்தக் காலிப் பைக்குள் உட்கார்ந்து விளையாடியது. அப்பா மெயின் போர்டுக் கதவின் உட்பக்கத்தில், எந்த ஃபியூஸ் எந்த அறைக்கு என்று குறித்து வைத்திருக்கும் இடத்துக்குக் கீழே, எட்டு நிறங்களின் வரிசையைப் பென்சிலால் எழுதினார். 'ஆரஞ்சு' என்பதில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. நான் திருத்தவில்லை.